நண்டுக் குவளை

சென்ற தை மாதம் உத்திரமேரூரில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நடந்தது. மண்டப வாயிலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்திருந்த மேசையிலேயே, கையில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநீக்கி நிறைந்த புட்டி ஒன்றும் இருந்தது. அதைக் கண்டதும் எங்கள் சுற்றத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தனர். மறைந்த என் சித்தப்பா எல்லார் நினைவிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றார். பந்திக்குக் காத்திருந்த வேளையில் இளையவர் ஒருவர் அவரைப் பற்றிய பழங்கதையைத் தொடங்கினார். அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று ஒரு குழந்தை தவறான குவளையை எடுத்து நீட்டிவிட்டதாம். அதனால் திருமணமே நின்றுபோக இருந்ததாம்.

அந்தக் குழந்தை நான். அந்தக் குவளையை அன்று நான் தொடவேயில்லை.

செய்யாத பிழையை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்திருக்கிறேன் என்பதை அன்றுதான் அறிந்தேன். அன்று அக்கூடத்தில் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மூவரே. ஏனைய இருவரில் ஒருவர் அந்நாளைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றவர் கேட்டால் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்கும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

திருப்புலிவனத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே, ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அப்பா கழனியைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பியாகிய சித்தப்பா, காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கான கண்ணாடிச் சில்லுகளைக் கழுவி அடுக்கும் பணியில் இருந்தார். நாள்தோறும் பேருந்தில் போய்வருவார். அதுவரை அவர் எல்லாரையும் போன்ற மனிதர்தாம். மாம்பழம் தின்ற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டவர்; கிணற்றடியில் வாளியைச் சாய்த்து அப்படியே வாய்வைத்துக் குடித்தவர்.

ஒரு நாள் அந்த மருத்துவர், பொழுதுபோகாமலோ இரக்கத்தாலோ, "வீட்டுத் தண்ணி கொஞ்சம் கொண்டுவாப்பா, காட்டறேன்" என்றிருக்கிறார். சித்தப்பா எங்கள் குடிநீர்ப் பானையிலிருந்து ஒரு சிறு புட்டியில் நீர் கொண்டு சென்றார். நுண்ணோக்கியின் வழியே அதன் ஒரு துளியைக் கண்டார். அன்று மாலை வீடு திரும்பியவர், பானையின் முன் சப்பணமிட்டு அமர்ந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சோறு போட அழைத்தபோது எழவில்லை.

"இன்னாத்தப் பாத்துட்டு வந்து இப்டி குந்திக்கினு கீற?" என்று அப்பா கேட்டார்.

"வெள்ளரி வெதையாட்டம் ஒண்ணு. ஒடம்பு பூரா முடி. நீஞ்சிக்கினு கீது."

"ஒண்ணுதான?"

"தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி கீதுண்ணே" என்றார் சித்தப்பா. அன்றிரவு அவர் பட்டினி.

மறுநாள் தொடங்கிற்று எங்கள் வீட்டில் புதிய ஆட்சி. குடிநீர் கொதித்தது. பிறகு பானை கொதிநீரில் குளித்தது. மாலைதோறும் பிள்ளைகள் வரிசையாய் நின்று நகங்களைக் காட்டினோம். கதவின் தாழ்ப்பாளைச் சித்தப்பா வேப்பிலை நீரால் துடைத்தார். தும்ம விரும்புவோர் வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்; என் அப்பா ஒருமுறை ஓடிப்போய் வாசற்படியில் கால் தடுக்கி, தும்மலையும் மறந்து விழுந்தார். சித்தப்பாவின் சட்டைப்பையில் பழைய வெற்றிலைப் பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் சிவப்புச் சோப்புத் துண்டு. கோயிலில் தீர்த்தம் வாங்குவார். ஆனால் பூசாரி அடுத்தவர் பக்கம் திரும்பியதும் அதைத் தலையில் மட்டும் தெளித்துக்கொள்வார். இறைவனிடம் அவருக்கு ஐயம் இல்லை. அவர் ஐயமெல்லாம் அந்தச் செப்பு உத்தரணியின் மீதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவரை வருத்தியது நீர் அருந்தும் குவளை. குவளை என்று நான் எழுதுவதை எங்கள் வீட்டில் லோட்டா என்பார்கள். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதே எங்கள் பக்கத்து முறை. ஆனால் பிள்ளைகளால் அது இயலாது; பெரியவர்களும் யாரும் பாராதபோது விளிம்பில் உதடு வைப்பதுண்டு. இதை ஒரு வாரம் மறைந்திருந்து கண்டறிந்த சித்தப்பா ஒரு முடிவுக்கு வந்தார். உத்திரமேரூர்க் கடைத்தெருவிலிருந்து ஒரே அளவில், ஒரே வடிவில், எவர்சில்வர்க் குவளைகளை வாங்கிவந்தார். ஆளுக்கு ஒன்று; ஒருவர் குவளையை மற்றவர் தொடலாகாது.

எது யாருடையது என அறியப் பெயர் பொறிக்கலாம் என்றால் அதற்கும் ஓர் இடர். குலதெய்வத்தின் பெயரையே ஒவ்வொருவருக்கும் முன்னால் சேர்த்து வைத்ததால், எங்கள் வீட்டில் ஐவர் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கும். ஆகையால் பாத்திரக் கடை வாயிலில் சிற்றுளியோடு அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரைக் கொண்டு, புள்ளி புள்ளியாய் உருவங்களைப் பொறிக்கச் செய்தார். அப்பாவுக்குக் கலப்பை, அம்மாவுக்குக் குத்துவிளக்கு, அத்தைக்குக் கிளி, எனக்கு மாங்காய். தமக்கு நுண்ணோக்கி வேண்டும் என்றார் சித்தப்பா. அந்த முதியவர் அப்பொருளைக் கண்டதில்லை. சித்தப்பா காற்றில் கையால் வரைந்து காட்டியதைக் கொண்டு அவர் பொறித்தது, தெருமுனையில் இருந்த அடிபம்பை ஒத்திருந்தது. 'பம்பு லோட்டா' என்ற பெயர் அதற்கு இறுதிவரை நிலைத்தது.

இங்கே நண்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரோரக் குடியிருப்பிலிருந்து எங்கள் கழனிக்குக் களையெடுக்கவும் நாற்று நடவும் வருபவர். வரப்பு வளையில் கைவிட்டு நண்டு பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை. அதனால் பிள்ளைகள் நாங்கள் இட்ட பெயர் அது. பெரியவர்கள் அவரை வெறும் பெயர் சொல்லி விளித்தனர், அவர் என் அம்மாவினும் மூத்தவராயிருந்தும். அவருக்கு நீர் கொடுப்பதற்கென்றே நெளிந்துபோன ஓர் அலுமினியக் குவளை மாட்டுக்கொட்டிலின் தூணில் தொங்கும். வீட்டினுள் அது வந்ததில்லை. அது ஏன் அங்கே தொங்குகிறது என்று நான் கேட்டதுமில்லை. மழைக்குக் குடை மூலையில் இருப்பதைப் போல அதுவும் அங்கே இருந்தது.

புதிய குவளைகள் வந்த அன்று அத்தை, துணி உலர்த்திக்கொண்டே, "சின்னண்ணே, எல்லாத்தையும் பாக்கற. கொட்டாயில தொங்குதே, அதுக்குள்ள ஒரு தபா எட்டிப் பாரேன்" என்றார்.

சித்தப்பா போய்ப் பார்த்தார். உள்ளே அடியில் கரிய வளையம். விளிம்பில் சிலந்தி வலை. அவர் முகம் வெளுத்தது. இரு குச்சிகளால் அதைப் பற்றி எடுத்து, குப்பைக் குழியில் இட்டு, மண்போட்டு மூடினார். அவர் சீர்திருத்தக்காரர் அல்லர். மேடைப் பேச்சு எதையும் கேட்டவர் அல்லர். அவருக்குப் பகை ஒன்றே: கிருமி. இந்த வீட்டு நீரைக் குடிக்கும் ஒருவருக்கு மட்டும் குவளை இல்லையெனில் தம் திட்டத்தில் ஓட்டை விழும் என்று கண்டார். அவ்வளவுதான்.

"உனக்கு இன்னா படம் வேணும்?" என்று நண்டுக்காரம்மாவைக் கேட்டார்.

"எனக்கா? நண்டு போடச் சொல்லு சின்னய்யா. ரெண்டு கொடுக்கும் நல்லா தெரியணும். அப்பதான் எவனும் தொட மாட்டான்."

நண்டு பொறித்த குவளை வந்தது. மாலையில் எல்லாக் குவளைகளையும் சாம்பலிட்டுத் தேய்த்து, சோப்பிட்டுக் கழுவி, ஒரே பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைப்பார். முதல் நாள் அதைப் பார்த்த அம்மாவின் கை அடுப்பங்கரையில் அப்படியே நின்றது.

"எல்லாத்தையும் ஒரே அண்டாவுலயா போடுவ?"

"கொதிக்கற தண்ணிக்கு ஆளு தெரியாது அண்ணி" என்றார் சித்தப்பா. அவர் அதைப் பாடமாகச் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றிய செய்தியாகவே சொன்னார். அம்மா முணுமுணுத்தார். அப்பா கேளாதவர் போலிருந்தார். நண்டும் கலப்பையும் குத்துவிளக்கும் கொதிநீரில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் புரண்டன. துணியால் துடைத்து அடுக்குவது அத்தையின் வேலை.

நண்டுக்காரம்மா மட்டும் சித்தப்பாவுக்கு அடங்கவில்லை. கழனிக்குப் போகுமுன் அவர் கையில் சோப்பைக் கொடுத்தால், "சேத்துல எறங்கப் போறவளுக்கு எதுக்கு சோப்பு? சேத்துல கீற பூச்சிங்க இந்த வாசனைக்கே ஊர வுட்டுப் பூடும்" என்பார். ஒரு நாள் இரு கைகளையும் விரித்து நீட்டி, "படிச்சவன்தான நீ. எத்தினி பூச்சி கீதுன்னு எண்ணிச் சொல்லு, அப்பறம் கழுவறேன்" என்றார். சித்தப்பா உண்மையிலேயே குனிந்து பார்த்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கண்டேன். நண்பகல் ஓய்வில் அத்தை சொம்பில் நீர் எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போவார். அவ்விருவரும் வேப்பமரத்தடியில் நெடுநேரம் பேசுவார்கள். நான் அருகே போனால் பேச்சு நெல்லைப் பற்றியதாக மாறிவிடும்.

இவ்வளவும் வேடிக்கையாகவே போயிருக்கும், அத்தைக்கு மணம் பேசும் காலம் வராதிருந்தால்.

அவர் என் அப்பாவின் ஒரே தங்கை. வயது இருபத்து நான்கு. அந்நாளில் ஊரார் எண்ணத் தொடங்கும் வயது. ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கூடத்தில் அமர்ந்த பெரியவர் முறுக்குத் தட்டை நோக்கிக் கை நீட்டினார். சித்தப்பா தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெரியவரே, பஸ் கம்பியப் புடிச்ச கை அது. ஒரு சொம்பு தண்ணி ஊத்தறேன், அப்டி வாங்க."

"என் கை அழுக்குன்ற?"

"உங்க கை மட்டும் இல்ல, எல்லார் கையும்தான்" என்றார் சித்தப்பா, அவரைத் தேற்றுவதாக எண்ணி. முறுக்கு தொடப்படாமலே அக்குடும்பம் அடுத்த பேருந்தைப் பிடித்தது. இரண்டாவது குடும்பம் வரவேயில்லை. 'அந்த வூட்ல கை கழுவினாதான் பொண்ணக் காட்டுவாங்களாமே' என்ற பேச்சு அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. அம்மா சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். அப்பா அத்தையின் முகத்தைப் பார்க்கக் கூசினார். அத்தை மட்டும் எப்போதும்போலக் குவளைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாகத் திருமுக்கூடலிலிருந்து செய்தி வந்தது. உழவர் குடும்பம், ஒரே மகன், பாலாற்றங்கரையில் நல்ல நிலம். இதுவும் கைவிட்டுப்போனால் இனிமேல் இரண்டாந்தாரமாகக் கேட்டுத்தான் வருவார்கள் என்று அம்மா அடுக்களையில் சொல்லி அழுதது என் காதில் விழுந்தது. இரண்டாந்தாரம் என்பது ஏதோ ஒருவகை நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வருவதாக இருந்தது. முதல் நாளே அப்பா சித்தப்பாவை அழைத்தார்.

"நாளைக்கு ஒரு நாளு உன் வாயத் தொறக்காத. பெரியவன் நான், உன் காலப் புடிச்சி கேக்கறேன்."

"மூச்சு வுடலாமா?"

"அதையும் கொஞ்சம் மெதுவா வுடு."

அம்மாவும் தம் பங்குக்கு முன்னேற்பாடு செய்தார். கிளி, மாங்காய், அடிபம்பு எல்லாம் விருந்தினர் கண்ணில் பட்டால் மீண்டும் சிரிப்புக்கு இடமாகும் என்று, படம் பொறித்த குவளைகளைத் திரட்டி உள்ளறை மரப்பெட்டியில் இட்டு மூடினார். விருந்தினருக்கென்று படம் இல்லாத ஆறு புதிய குவளைகள் அடுக்களைக்கு வந்தன.

ஞாயிறு காலை நால்வர் வந்தனர்: மாப்பிள்ளை, அவருடைய தந்தை, தாய், தாய்மாமன். தந்தை மெலிந்தவர், பேச்சுக்கு மாற்றாக மீசையைத் தடவுபவர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துத் தாய்மாமன் பேசினார். வந்தவுடன் எங்கள் கன்றுக்குட்டியின் முகத்தை வருடினார். பிறகு தோள்துண்டால் மூக்கைத் துடைத்தார். பிறகு அதே கையால் வாழைக்காய் பஜ்ஜியை எடுத்தார். ஒன்று எடுத்து, சூடு போதவில்லை என்று திரும்ப வைத்து, வேறொன்று எடுத்தார். சுவரோரம் நின்ற சித்தப்பாவின் கண்கள் கன்றிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து பஜ்ஜிக்கும், பஜ்ஜியிலிருந்து அப்பாவுக்கும் போய்வந்தன. அப்பா மெல்லத் தலையசைத்தார். சித்தப்பா ஓசையின்றிப் பின்கட்டுக்குப் போனார். கிணற்றடியில் தம் கைகளையே மூன்று முறை கழுவிக்கொண்டு திரும்பிவந்து, பழைய இடத்தில் நின்றார்.

அத்தை காபியோடு வருமுன், அடுக்களையில் என் பின்னலைச் சரிசெய்து, "பாப்பா, நீ போய் அவுங்க பக்கத்துல உக்காரு. ஏதாவது கேட்டா கூச்சப்படாம பதில் சொல்லு. தெரிஞ்சதச் சொல்லு, இன்னா?" என்றார். இத்தனை பேர் இருக்க எனக்கு ஒரு பொறுப்பு தந்தாரே என்று எனக்குப் பெருமை. மாப்பிள்ளையின் அருகிலேயே, சமுக்காளத்தின் நுனியில் அமர்ந்தேன்.

ஆறு குவளைகள் கொண்ட தட்டோடு அத்தை வந்தார். நான்கில் காபி, இரண்டு வெறுமையாய்க் கவிழ்ந்திருந்தன. நால்வருக்கும் கொடுத்துவிட்டுத் தட்டை ஓரமாய் வைத்து, முறைப்படி நிலைக்கதவருகே ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளை காராபூந்தியில் ஒரு பிடி வாயிலிட்டார். அம்மா அன்று பதற்றத்தில் மிளகாய்த்தூளை இருமுறை போட்டிருந்தார். மாப்பிள்ளையின் கண்கள் நீர் கோத்தன.

"கொஞ்சம் தண்ணி" என்றார்.

கவிழ்ந்த இரண்டு குவளைகள் தட்டிலேயே இருந்தன. அத்தை அவற்றைத் தாண்டிப் போனார். கூடத்திலிருந்து பார்த்தால் உள்ளறை நேரே தெரியும். மரப்பெட்டியின் மூடி எழும்பிய ஓசை எனக்குக் கேட்டது. அம்மா சொன்னதை அத்தை வெட்கத்தில் மறந்துவிட்டார் என்று எண்ணினேன். மணப்பெண்களுக்கு மறதி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நீரோடு வந்து, மாப்பிள்ளையின் முன் குவளையை வைத்தார். இரண்டு கொடுக்குகளும் நன்றாகத் தெரிந்தன.

மாப்பிள்ளை அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா, நண்டா?" என்று சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "யாரு லோட்டா பாப்பா இது?"

நான் இதற்காகவே காத்திருந்தவள். எங்கள் வீட்டு முறை முழுவதையும் எடுத்துரைத்தேன். அப்பாவுக்குக் கலப்பை, அம்மாவுக்கு விளக்கு, அத்தைக்குக் கிளி, எனக்கு மாங்காய், சித்தப்பாவுக்கு பம்பு. "நண்டு, நண்டுக்காரம்மாவோடது. எங்க கழனியில களை எடுக்கறாங்களே, அவங்க."

தாய்மாமனின் கையிலிருந்த காபி, வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். நிலைக்கதவின் பின்னால் அம்மாவின் வளையல் ஒருமுறை ஒலித்து அடங்கிற்று.

"களை புடுங்கறவ குடிக்கற லோட்டாவா?" என்றார் தாய்மாமன்.

அந்த அமைதியைச் சித்தப்பா தமக்குத் தெரிந்த ஒரே வழியில் புரிந்துகொண்டார். கொடுத்த வாக்கை அதற்குமேல் காக்க அவரால் இயலவில்லை.

"பயப்படாதீங்க. சாம்பல் போட்டு, சோப்பு போட்டு, இருபது நிமிசம் கொதிக்க வெச்சது. இந்த வூட்லயே சுத்தமான லோட்டா அதான். எங்கண்ணன் லோட்டாதான் மோசம். வெத்தல போட்ட வாயோட குடிப்பாரு."

"சுத்தத்தப் பத்தி யாருய்யா பேசினது?"

சித்தப்பா விழித்தார். அப்பாவைப் பார்த்தார், அம்மா நின்ற பக்கம் பார்த்தார், மீண்டும் தாய்மாமனைப் பார்த்தார். "பின்ன வேற இன்னா?" என்றார். அக்கேள்வியில் கேலி ஒரு துளியும் இல்லை. மெய்யாகவே அவருக்கு விடை தெரியவில்லை. கூடத்தில் விடை தெரிந்த எவரும் அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

மாப்பிள்ளை தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். பெண் பார்க்கும் நாளில் பெண் தரையைத்தான் பார்க்க வேண்டும். அத்தை தரையைப் பார்க்கவில்லை. அவர் பார்வை குவளை மீது இருந்தது. பார்த்துக்கொண்டே முந்தானை நுனியை விரலில் இறுகச் சுற்றினார்; விரல் நுனி வெளுத்திருந்ததை, கீழே அமர்ந்திருந்த நான் கண்டேன்.

அயல் வீட்டில் எவரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். மாப்பிள்ளை குவளையை உயரத் தூக்கவில்லை. விளிம்பில் உதடு வைத்தார். நிதானமாக, முழுவதும் குடித்தார். குடித்து முடித்து அதே குவளையை அத்தையிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? பூந்தி காரம்."

சித்தப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சிற்றொலி எழுந்தது. வாய்வைத்த குவளையில் மறுபடியும் நீரா என்பது அவர் துயரம்.

"இன்னாப்பா இது?" என்றார் தாய்மாமன்.

"தண்ணி நல்லா கீது மாமா. உனக்கும் ஒரு லோட்டா குடுக்கச் சொல்லட்டுமா?"

மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கியதால் அது அழுகையன்று என்று தெரிந்தது. தந்தை மீசையிலிருந்து கையை எடுத்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக வாய் திறந்தார்.

"பையன் குடிச்சிட்டான். இனி நாம பேச இன்னா கீது? நாள் பாருங்க."

அத்தை இரண்டாம் முறை நீர் கொண்டுவந்தபோது குவளை தளும்பத் தளும்ப இருந்தது. சமுக்காளத்தில் பாதி சிந்திற்று. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர்கள் போனபின் அம்மாவுக்கு மகிழ்ச்சியும் சினமும் ஒருசேர வந்தன. "ஆறு லோட்டா கழுவி வெச்சிருந்தனே, அத வுட்டு அந்த நண்டுதானா உன் கையில ஆம்டணும்? பொட்டியில போட்டு மூடின லோட்டா எப்டி வந்துச்சி?"

"கை மாறிப் பூட்ச்சி அண்ணி" என்றார் அத்தை. அவர் முகத்தில் வருத்தத்தின் சுவடு இல்லை. அம்மா வேறு காரணம் தேடினார்; அருகில் நான் நின்றிருந்தேன்; "இவ எடுத்துக் குடுத்திருப்பா" என்றார். குடும்பக் கதையில் என் மீது விழுந்த பழியின் பிறப்பிடம் அதுவே என்று இப்போது உணர்கிறேன். அத்தை மறுக்கவில்லை. ஆனால் அன்று மீந்த பஜ்ஜி முழுவதும் எனக்கே வந்தது.

நண்பகலில் நண்டுக்காரம்மா வந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். அவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"சின்னய்யா. எவனோ ஒருத்தன் என் லோட்டாவுல வாய் வெச்சிட்டுப் பூட்டானாமே. அப்டியே எனக்குக் குடுத்துடாத. நல்லா கொதிக்க வெச்சிக் குடு. எனக்கு ஏதானா சீக்கு வந்தா யாரு பாக்கறது?"

"நாப்பது நிமிசம் வெக்கறேன்" என்றார் சித்தப்பா, முகம் மாறாமல். அவரைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் கிடைத்துவிட்டார் என்ற நிறைவு அக்குரலில் இருந்தது. நண்டுக்காரம்மா அத்தையின் முகவாயைப் பிடித்து, "பொழச்சிக்குவ கண்ணு" என்றார். இருவரும் சிரித்தனர். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

சித்திரையில் திருமணம் நடந்தது. தாய்மாமன் வந்தார், ஆனால் மூன்று நாளும் எங்கள் வீட்டு நீரைத் தொடாமல், தம் கண்முன் மூடி உடைத்த சோடாவையே குடித்தார். சித்தப்பா அதைக் கண்டு, அந்த மனிதருக்கும் கிருமி பற்றிய அறிவு வந்துவிட்டதாக மகிழ்ந்தார். அதே திருமணத்தில் நண்டுக்காரம்மாவுக்குக் கூடத்துப் பந்தியில் இலை போடும் துணிவு என் அப்பாவுக்கு வரவில்லை, பின்கட்டில்தான் போட்டார்கள். அதையும் எழுதாமல் விட்டால் இது உண்மையான பதிவாகாது. அத்தை மணக்கோலத்தோடு பின்கட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் நின்று தாமே பரிமாறினார். அழகிய கூறைப்புடவையில் சாம்பார் சிந்திவிடுமே என்பதுதான் அப்போது என் கவலை.

என் வயது அப்போது எட்டு. கன்றை வருடிய கை தெரிந்தது, மூக்கைத் துடைத்த துண்டு தெரிந்தது, குவளையில் பொறித்த புள்ளிகள் தெரிந்தன. திருமுக்கூடலிலிருந்து வந்தவர்கள் பெண் பார்க்க வந்ததாகவே நான் நம்பியிருந்தேன். அந்தக் கூடத்தில் ஒருவர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை. தம் வாழ்வையே பணயம் வைத்து அவர் கேட்ட வினா ஒன்று அங்கே இருந்தது. அதை அவர் வாயால் கேட்கும் உரிமை அந்நாளில் அவருக்கு இல்லை. ஆகையால் ஒரு குவளையை மாப்பிள்ளையின் முன் வைத்தார். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும் சிறுமி ஒருத்தியை அவர் அருகில் அமர்த்தினார். எனக்கோ, என்னைப் பெரியமனுஷியாக மதித்து விருந்தினரோடு உட்காரவைத்தார் என்ற பெருமையில் பல நாள் தூக்கம் வரவில்லை.

நினைவிலிருந்து எழுதுகிறேன், பிழைகள் இருக்கக்கூடும். அப்பாவின் குவளையில் இருந்தது கலப்பையா ஏர்க்காலா, சித்தப்பா சொன்னது இருபது நிமிடமா முப்பதா, பூந்திக்கு முன்னே பஜ்ஜியா பின்னேயா என்பனவற்றில், அறிந்த உறவினர் திருத்தம் அனுப்பினால் நன்றியோடு ஏற்பேன். அத்தை இன்றும் திருமுக்கூடலில் நலமாகவே இருக்கிறார். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படிப்பார். இதன் முதற்படியை அவருக்கே அனுப்புகிறேன். 'கை மாறிப்போனதுதான்' என்று அவர் ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்பினால், அந்த ஒரு திருத்தத்தை மட்டும் நான் ஏற்பதற்கில்லை, வாசகர் பொறுத்தருள்க.